இரண்டு மடிப்புச் சீட்டு

பல்கலைக்கழகம் என் வீட்டுக்காரருக்குச் சம்பளம் தருவது லிஃப்டுகளைப் பராமரிப்பதற்காக. மொத்தம் பதினெட்டு லிஃப்ட். எது எந்த மாடியில் மக்கர் பண்ணும் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் மாணவர்களைக் கேட்டால் அவரை லிஃப்ட் மெக்கானிக் என்று சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அவர் ‘மைக் மாமா’. புதன்கிழமை மாலை ஆராதனைக்கு நாற்காலி போடுவது, மைக் கட்டுவது, ஜெபச் சீட்டு வாசிப்பது எல்லாம் அவர்தான். பதினோரு வருஷத்தில் ஒரு புதன்கூடத் தவறியதில்லை. எங்கள் கல்யாண நாள் புதன்கிழமையில் வந்த வருஷமும் தவறவில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆராதனை நடப்பது விளையாட்டுச் சாமான் அறைக்குப் பக்கத்து அறையில். சுவருக்கு அந்தப் பக்கம் பந்து தட்டும் சத்தம், இந்தப் பக்கம் பாட்டு. நடத்துகிறவர் ஒரு போதகரம்மா. எந்தச் சபை, ஞானஸ்நானம் எடுத்தாயா, யாரைக் காதலிக்கிறாய் என்றெல்லாம் யாரையும் கேட்க மாட்டார். சொந்தச் சபையில் வாசலைக் காட்டி அனுப்பிய பிள்ளைகள் நாலைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். நம்பிக்கையே இல்லாமல் பாட்டுக்காக வருகிறவர்களும் உண்டு, நான் போடும் டீக்காக வருகிறவர்களும் உண்டு. ஆரம்பத்தில் எனக்கு இது பிடிக்கவில்லை. நான் கொஞ்சம் கட்டுப்பெட்டி. அந்தப் பிள்ளைகள் என்னோடு நின்று டம்ளர் கழுவுவதைப் பார்த்துப் பார்த்து மனசு இளகிவிட்டது.

அந்தச் சீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வேண்டுதலைப் பெயர் போடாமல் எழுதிக் கூடையில் போடுவார்கள். ஒரு மடிப்பு என்றால் மைக்கில் வாசிக்கலாம். இரண்டு மடிப்பு என்றால் யாரும் பிரிக்கக் கூடாது. மேஜைமேல் வைத்து மௌனமாக ஜெபித்துவிட்டு, போதகரம்மா அதை எரித்துவிடுவார்.

போன மாதம் இவருடைய மூக்குக்கண்ணாடியின் கால் உடைந்துவிட்டது. டேப் சுற்றி மாட்டிக்கொண்டு திரிந்தார். ஒரு புதன் சீட்டுகளைப் பிரிக்கத் தடுமாறியதில் எல்லோரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. அடுத்த புதன் தன் புத்தியைக் காட்டினார். ஆராதனை தொடங்கும் முன்பே கூடையிலிருந்த அத்தனை சீட்டையும் பிரித்து, உள்ளங்கையால் நீவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டார். நேரம் மிச்சமாகுமாம்.

ஒருவருக்குப் பரீட்சை, ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு அறைத்தோழனின் குறட்டை. நாலாவது சீட்டையும் அதே கணீர்க் குரலில் வாசித்தார். “நான் நேசிக்கிற பெண்ணைப் பற்றி அப்பாவிடம் சொல்லத் தைரியம் வேண்டும். ஒவ்வொரு வார லீவிலும் அவர் ரொட்டி அடுப்பைப் பற்றவைக்கும்போது பக்கத்தில்தான் நிற்கிறேன். சொல்ல வாய் வரவில்லை.”

அந்த அறையில் பேக்கரிக்காரர் மகள் ஒருத்திதான். வாரம் தவறாமல் அப்பா கடை ரொட்டியைப் பிள்ளைகளுக்குக் கொண்டுவருகிறவள். அன்றைக்கென்று பார்த்து அவளுடைய அத்தை மகளும் முதல் தடவையாக வந்து உட்கார்ந்திருந்தாள். பேக்கரிக்காரர் மகள் எழுந்தாள், பையைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டாள். இவர் கையிலிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மடிப்புத் தடம் இருந்தது.

வீட்டுக்கு வந்தும் மனுஷன் சாப்பிடவில்லை. “நேரா அவங்க அப்பாகிட்டப் போயி, தப்பு என்மேலதான்னு சொல்லிடறேன்” என்றார்.

“போங்க. மைக்கையும் எடுத்துட்டுப் போங்க, தெருவுக்கே கேக்கட்டும்” என்றேன். எனக்கு ஆத்திரம். அழுகையும் வந்தது. அவர் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் போதகரம்மாவிடம் போய் இனிமேல் நான் வரவில்லை என்றிருக்கிறார். “அப்புறம் பேசலாம். மொதல்ல அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்னு அவகிட்டயே கேளுங்க. உங்களுக்கு என்ன வேணும்னு இல்ல” என்று அனுப்பிவிட்டார் அவர்.

அவள் விட்டுப்போன பையை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் விடுதிக்குப் போனோம். பார்வையாளர் அறையில் அவள் வந்து உட்கார்ந்ததும் இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“மாமா, நீங்க அழுதா நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லணும். இப்ப என்னால முடியாது” என்றாள் அவள். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அத்தை மக வீட்ல போய்ச் சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் சொல்லலேன்னா எங்க அத்தை சொல்லிடுவாங்களாம். அப்பா அதை வேற யார் வாயிலேருந்தும் கேக்கக் கூடாது. எனக்கு அம்மாவும் இல்ல, அவரை விட்டா யாருமில்ல. தனியாப் போக உதறுது. நீங்க ரெண்டு பேரும் கூட வாங்க. ஆனா மாமா வாயே தெறக்கக் கூடாது.”

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுப் பார்த்துக் கிடைக்காத வரம் அது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் போனோம். பேக்கரிக்காரர் தட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். முழங்கை வரை மாவு. எங்களுக்கு ஸ்டூல் இழுத்துப் போட்டார். அவள் நின்றுகொண்டே மூன்றே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

அவர் ஏற்கெனவே சுத்தமாகியிருந்த தட்டையே மறுபடி சுரண்டினார். பிறகு எங்களைக் காட்டி, “இவங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியும்ப்பா.”

“அங்க வர்றவங்களுக்கு?”

“எல்லாருக்கும் தெரியும்.”

“அப்ப எனக்குத்தான் கடைசியா?”

அவர் கத்தினால் என்ன பதில் சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. குரல்தான் உடைந்தது.

“உங்களை இழந்துடுவேனோன்னு பயம்ப்பா” என்றாள் அவள்.

யாரோ ரொட்டி கேட்டு வந்தார்கள். அலமாரி நிறைய ரொட்டி இருந்தும், கடை மூடியாச்சு என்று அவர்களை அனுப்பிவிட்டு மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“எனக்கு இது புரியலம்மா. சரின்னு சொல்ல வரல, பொய் சொல்லவும் மாட்டேன். ஆனா உன்னை யாரு எப்படிப் பாத்துக்கறாங்கன்னு நான் பாக்கணும்.” இவரிடம் திரும்பினார். “புதன்கிழமை நான் அங்க வரலாமா?”

இப்படிக் கேட்கிறவர்களுக்கு, கேள்வி முடியும் முன்பே வாங்க வாங்க என்கிறவர் என் வீட்டுக்காரர். பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப் கேட்டு வந்தவனைக்கூட உட்காரவைத்து ஒரு பாட்டு பாடவிட்டிருக்கிறார். இப்போது வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் தலையசைத்த பிறகுதான் பேசினார்.

“அதை இவதான் சொல்லணும்.”

பேக்கரிக்காரர் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் புதன் வேண்டாம்ப்பா. இப்போதைக்கு எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு எடம்தான். அப்புறமா நானே கூப்பிடறேன்.”

அவர் கையிலிருந்த மாவைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“எத்தனை மணிக்கு ஆரம்பிப்பாங்க?”

“ஆறு மணிக்குப்பா.”

“சரி. ஒவ்வொரு புதன்கிழமையும் ஆறு மணிக்குக் கடையை மூடிட்டு இங்கயே உக்காந்திருக்கேன். நீ கூப்பிடற வரைக்கும்.”