அள்ளிப் போட ஆளில்லாத வீட்டுக்குக் கர்த்தர் அனுப்பிய ஆள்

1982 ஐப்பசி. தீவுக் கிராமமான பசியாவரத்தில் எங்கள் குடிசையில் நானும் ஒரு பூனையும்தான். எனக்கு நான்காம் மாதம். கணவர் காசிமேட்டில் விசைப்படகு வேலைக்குப் போயிருந்தார், மாதம் ஒருமுறை வருவார். முந்தைய வருஷம் ஒரு கர்ப்பம் கலைந்துபோனது. “உன் அஜாக்கிரதைதான்” என்றாள் பக்கத்து வீட்டு ஓரகத்தி ஸ்டெல்லா அக்கா. அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. நான் வாய்விட்டுப் பேசியதெல்லாம் அந்தப் பூனையோடுதான்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வீட்டு வேலைகளை விசாரித்தார். பின்புற மணலில் பூனையின் கழிவைத் தினமும் அள்ளுவேன் என்றேன்.

“அதுல ஒரு கிருமி இருக்கலாம்மா. மாசமா இருக்கறப்போ தொத்துனா குழந்தைக்கும் போகும். பூனைய தொரத்த வேணாம். அள்றத வேற யாராவது செய்யட்டும். மண்ண தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவு. பூனைக்குப் பச்சைக் கறி போடாத.”

வேற யாராவது. எனக்கு யார் இருந்தார்கள்?

ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு வாரம். வெளியே விடாத மழை. பூனை மடிக்கு வரும், தள்ளிவிடுவேன். பிறகு அழுவேன். “ஆண்டவரே, இந்தப் பிள்ளையையாவது விட்டுவையும்” என்று முழங்காலில் நின்றேன். ஒரு நாள் அதற்கும் வார்த்தை வரவில்லை. “எனக்கு ஒரு ஆளைத் தாரும்” என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் காலை, வேறு வழியில்லாமல் நானே கொட்டாங்குச்சியோடு மணலுக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா அக்கா.

“இன்னாத்துக்கு ரோசி, அழுதுகினே அள்ளப் போற?”

சொன்னேன். அக்கா வேலியைச் சுற்றி வந்து, கொட்டாங்குச்சியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நவுரு. புள்ள பொறக்கற வரிக்கும் இந்தப் பக்கம் வராத.”

தினமும் வந்தாள். மூன்றாம் நாள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். “அன்னிக்கு நான் சொன்னது தப்புடி” என்றாள். இரண்டு பேரும் அழுதோம்.

முடிவு வாங்க அவளே படகிலும் பஸ்ஸிலும் கூட வந்தாள். “கிருமி தொத்தல. ஆனா கடைசி வரைக்கும் ஜாக்கிரதையா இரு” என்றார் டாக்டரம்மா.

பங்குனியில் மகள் பிறந்தாள், எந்தக் குறையும் இல்லாமல். முதலில் கையில் வாங்கியது ஸ்டெல்லா அக்காதான்.

அதுவரை, என்னை யாரும் பார்ப்பதில்லை என்றே வாழ்ந்தேன். இப்போது அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும் சகோதரிகளே, வீட்டில் பூனை இருந்தால் அந்த வேலையை இன்னொருவரிடம் விடுங்கள். கேட்க ஆளில்லை என்றால் கர்த்தரிடம் கேளுங்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத ஒருவரை அவர் எழுப்பி அனுப்புவார்.