வெப்சைட் என் பொறுப்பு

என் அக்காவின் புருஷனுக்கு எங்கள் பட்டறையில் 'அட்டவணை' என்று பெயர். நேரில் மட்டும் மாமா என்போம். ஒரு துடைப்பம் வாங்குவதென்றாலும் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு, ஆறு துடைப்பத்துக்கு மார்க் போட்டு, கடை மூடிய பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற ஜென்மம். இன்சூரன்ஸ் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் இதைத்தான் செய்தார். அங்கே ஆள் குறைத்தபோது பட்டியலில் முதல் பெயர் இவருடையது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

அக்கா சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை தைக்கிறாள். நான் ஃபோம் வெட்டுகிறேன். கூடத் தைக்க இரண்டு பெண்கள். மூன்று மாதமாக வேலை சுருங்கிக்கொண்டே வந்தது. அப்போதுதான் ஒரு ஆஸ்பத்திரியில் முந்நூறு நாற்காலிக்குப் புது உறை போட ஆள் தேடினார்கள். அங்கே இதைப் பார்க்கிற அதிகாரி அக்காவிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நீங்க செஞ்ச வேலையைப் பாக்கணும்மா. வெப்சைட் லிங்க் அனுப்புங்க. இருபதாம் தேதி காலையில கமிட்டி பாக்குது, அதுக்குள்ள வந்துடணும்."

கிடைத்தால் பட்டறை ஒரு வருஷம் மூச்சுவிடும். இல்லாவிட்டால் அந்த இரண்டு பெண்களையும் நிறுத்த வேண்டியதுதான்.

"என் போன்லயே செஞ்சுடறேன்க்கா" என்றேன். "கோடிங் எல்லாம் தெரிய வேண்டாம். படத்தை இழுத்து வச்சா போதும், பக்கம் ரெடி."

சாய்ந்திருந்த மாமா நிமிர்ந்தார். "அந்த மாதிரி டூல் ஊர்ப்பட்டது இருக்கு. கண்டதுல கட்டிட்டா அப்புறம் வெளிய வர முடியாது. எது நல்லதுன்னு அலசிப் பாக்கணும். வெப்சைட் என் பொறுப்பு."

அக்கா தலையாட்டினாள். அதற்குக் காரணம் உண்டு. எட்டு வருஷத்துக்கு முன்னால், தடித்த துணி தைக்கும் மெஷினை இரண்டு மாதம் அலசித் தேர்ந்தெடுத்தவர் இவர்தான். அது இன்றுவரை மக்கர் பண்ணியதில்லை. குருட்டு அதிர்ஷ்டத்தில் அமைந்த அந்த ஒரு மெஷினைச் சொல்லியே மனுஷன் எட்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறார்.

ஒன்பது டூல், முப்பத்தெட்டு கட்டம். பொத்தானின் முனை எவ்வளவு வளைகிறது என்பதற்கு ஒரு கட்டம். ஐந்து மொழியில் பக்கம் போட முடியுமா என்பதற்கு ஒன்று.

"நமக்கு எதுக்குங்க அஞ்சு மொழி?" என்று கேட்டாள் அக்கா.

"நாளைக்கு வளரும்போது வேணும்ல" என்றார், அன்றைக்கே சாகக் கிடந்த பட்டறையைப் பற்றி.

அக்கா தன் வேலையில் நல்லதாகப் பார்த்துப் பதினான்கு படம் கொடுத்தாள். அவர் அதைத் தொடவில்லை. சோதனைக்கு நல்ல படத்தை எதற்கு வீணாக்க வேண்டும் என்று, வீட்டுக் கூடத்தில் கிடந்த சோபாவைப் படம் எடுத்தார். கை கிழிந்து, ஸ்பிரிங் எட்டிப் பார்க்கிற சோபா. ஊருக்கெல்லாம் தைக்கிறவளுக்கு அதைத் தைக்க நேரமில்லை. நாளெல்லாம் உட்கார்ந்து அதைத் தேய்த்தவரே இவர்தான். ஒன்பது டூலிலும் பட்டறையின் பெயரையும் அந்தப் படத்தையும் போட்டார். பக்கம் வெளியாக எத்தனை வினாடி ஆகிறது என்று அளக்க, ஒன்பதிலும் 'பப்ளிஷ்' அழுத்தினார். வினாடிகளைக் கவனமாகக் கட்டத்தில் ஏற்றிக்கொண்டார். போட்ட பக்கங்களை நீக்க வேண்டும் என்று அந்த மூளைக்குத் தோன்றவில்லை.

பதினெட்டாம் தேதி அக்கா கேட்டாள், "முடிஞ்சுதாங்க?"

"ரெண்டுல வந்து நிக்குது."

பத்தொன்பதாம் தேதி அது மூன்றாகியிருந்தது. நான் வாயைத் திறந்தேன். "பொறுடா" என்றாள் அக்கா. அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

இருபதாம் தேதி மதியம் அதிகாரியே கூப்பிட்டார். அக்கா தைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள்.

"லிங்க் வரலையேன்னு நானே உங்க பட்டறை பேரைப் போட்டுத் தேடினேன்மா. ஒன்பது வெப்சைட் வருது. எல்லாத்துலயும் ஒரே கிழிஞ்ச சோபா. இது நீங்க தைச்சதா?"

அக்காவின் கை நின்றது. "அதெல்லாம் சும்மா சோதனைக்குப் போட்டது சார். நல்ல படம் இருக்கு, இப்பவே அனுப்பறேன்."

"எங்க கமிட்டியில எல்லாரும் பாத்துட்டாங்கம்மா. வேற ஆளுக்குச் சொல்லியாச்சு." மரியாதையாகவே சொல்லிவிட்டு வைத்தார்.

தைத்துக்கொண்டிருந்த பெண்கள் இருவரும் தலையைத் தூக்கவில்லை. அக்கா எழுந்து வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். லேப்டாப் முன்னால் இருந்த மாமாவிடம் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

மாமாவின் முகம் மலர்ந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

"அப்போ தேடினா வருதுல்ல? ஒன்பதுல எது முதல்ல வந்துச்சுன்னு அவர்கிட்ட கேட்டியா?"

அக்கா லேப்டாப்பை மூடினாள்.

"கேக்கலைங்க. அந்தப் பொண்ணுங்க ரெண்டு பேர்கிட்டயும் நாளையிலேர்ந்து வேலை இல்லைன்னு சொல்லணும். நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க. யார்கிட்ட முதல்ல சொல்றதுன்னு நல்லா அலசிப் பாத்துட்டுப் போங்க."