தலை தொடும் இருளாயி

"காத்தாயி... என் கண்ணு. முனியம்மா. பத்துமல, மூக்கத் தொடை." ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தலை. உள்ளங்கையை வைத்து, பெயரைச் சொல்லி, அடுத்த பிள்ளையிடம் நகர்கிறாள் இருளாயி. தொட்டிலில் கிடப்பது, தரையில் தவழ்வது, வாசலில் மண் தின்பது, எதுவும் அவள் கைக்குத் தப்பாது. எண்ணத் தெரியாதவள் இல்லை. பிள்ளைகளை எண்ணினால் கண்பட்டுவிடும் என்று பயம். "தொட்டாத்தான்லா எனக்கு நம்பிக்கை" என்பாள்.

மலாயாவில், பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால் உள்ள ரப்பர் தோட்டம் இது. பால்வெட்டுக்குப் போகும் தாய்மார் விடியும் முன்பே பிள்ளைகளைத் தூக்கத்தோடு தூக்கமாகக் கொண்டுவந்து ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். இருளாயியும் பால் வெட்டியவள்தான். வாளியோடு பள்ளத்தில் விழுந்த நாளிலிருந்து வலது கால் இழுக்கும். அதனால் இந்த ஆயா வேலை. சொந்தமாகப் பிள்ளை கிடையாது. யாராவது அதைக் கிளறினால், "ஊருப்பட்ட புள்ளைங்கள வச்சிருக்கேன், இன்னும் எதுக்கு?" என்று சிரித்துவிட்டு அடுப்பை ஊதப் போய்விடுவாள். புகை இல்லாத நாளிலும் திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கும்.

பிள்ளைகளை அதட்டிக் கூப்பிடும் பழக்கம் அவளுக்கு இல்லை. தகரத் தட்டில் அகப்பையால் தட்டுவாள். கஞ்சி தயார் என்று அர்த்தம். கொட்டகைக்கு எதிரே உள்ள திடலில் எந்த மூலையில் இருந்தாலும் அத்தனையும் ஓடிவந்துவிடும். கஞ்சி இறக்காமல் தட்டைத் தொடவே மாட்டாள். அந்த விஷயத்தில் மகா கறார்.

இந்த 1929-இல் தோட்டத்துக்கு வந்திருக்கும் புதுமை ஆகாய விமானம். ஈப்போ பக்கம் வெள்ளைக்கார இளவட்டங்கள் அதை ஓட்டப் பழகுகிறார்களாம். காலை வேளையில் அந்தச் சின்ன விமானம் தோட்டத்துக்கு மேலே வட்டம் போடும். ஆரம்பத்தில் பிள்ளைகள் வீறிட்டன. போகப் போக அந்த இரைச்சலில்தான் தொட்டில்கள் அடங்கின. "எனக்குப் பாடுற வேல மிச்சம்" என்றாள் இருளாயி.

போன மாதம் ஒரு காலை. கஞ்சிக்கு அப்போதுதான் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தொட்டில் பிள்ளைகள் எல்லாம் ஒருசேர விழித்து அழுதன. எறும்பு கடித்ததோ என்று துணியை உதறிப் பார்த்தாள். பிறகுதான் உறைத்தது, மேலே சத்தம் நின்றுபோயிருந்தது. வாசலுக்கு வந்து பார்த்தால், விமானம் இரைச்சல் அற்று, ரப்பர் மரங்களை உரசிவிடுமோ என்கிற உயரத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் மரம் இல்லாத இடம் அந்தத் திடல் ஒன்றுதான். திடல் நிறையப் பிள்ளைகள்.

ஓடுகிற கால் இல்லை அவளுக்கு. கத்தினால் பிள்ளைகள் மிரண்டு, நின்ற இடத்திலேயே நின்றுவிடும். தட்டை எடுத்து அடி அடியென்று அடித்தாள். விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தன. ஒவ்வொன்றாகத் தலையைத் தொட்டு உள்ளே தள்ளினாள். வீரம்மா தலை மட்டும் கைக்கு வரவில்லை. அந்த மூன்று வயதுக் குட்டி திடலின் நடுவே உட்கார்ந்து, வருகிற விமானத்தைப் பார்த்துக் கை கொட்டிக்கொண்டிருந்தது.

தட்டைப் போட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு போனாள் இருளாயி. போய்ச் சேர்ந்தாளே தவிர, திரும்பி வர நேரமில்லை. பிள்ளையை அணைத்துக்கொண்டு மேலே கவிழ்ந்துவிட்டாள். சக்கரம் அவள் முதுகுக்கு மேலாகக் காற்றை வாரிக்கொண்டு போனது. அப்பால் தரையில் மோதி, குதித்து, ஓரத்து லாலான் புல்லுக்குள் மூக்கைக் குத்தி நின்றது விமானம்.

தோல் தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பையன் ஒருவன் இறங்கினான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. இறக்கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். வீரம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு இருளாயி நேரே அவனிடம் போனாள். தொப்பியைக் கழற்று என்று சைகை காட்டினாள். கழற்றினான். வியர்த்த தலையில் உள்ளங்கையை வைத்தாள். பெயர் தெரியாததால், "நீயும் இருக்கியா, ராசா" என்றாள். அந்தக் கைக்குக் கீழேயே உட்கார்ந்து அவன் அழுதுவிட்டான், பாவம்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த சன்னாசிக் கங்காணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏ இருளாயி! தொரமாரு தலையில கை வைக்கிறியா? பெரிய தொர பாத்தா வம்புலா!"

"தொடாம எப்படிண்ணே தெரியும், உசிரோட இருக்கானான்னு?"

தாய்மார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுததையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளை உறுத்தியது வேறு. "ஒல வைக்காமலே தட்டத் தட்டிப்புட்டேனே. புள்ளைங்க ஏமாந்து நின்னுச்சுங்களே." அன்றைக்குக் கஞ்சியில் வெல்லம் தாராளமாக விழுந்தது.

பழுது பார்த்த விமானம் இப்போது மறுபடியும் வருகிறது. இரைச்சல் கேட்டதும் தொட்டில்கள் அடங்குகின்றன. காத்தாயி, முனியம்மா, பத்துமலை என்று இருளாயி தொட்டுக்கொண்டே போய், கடைசியாக வீரம்மா தலையில் கொஞ்சம் கூடுதல் நேரம் கையை வைத்திருக்கிறாள். முன்பெல்லாம் அதோடு முடிந்துவிடும். இப்போது காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். சத்தம் நேர் மேலே வரும்வரை காத்து நிற்கிறாள். பிறகு கையை உயர்த்தி, உள்ளங்கையை ஆகாயத்தில் மெல்ல வைத்து எடுக்கிறாள்.