பிருடையில் வைத்த கை

சாலோமி டீச்சரைப் பற்றி எழுதுவதென்றால் அழுகாச்சியாக எழுதக் கூடாது என்று எனக்கு நானே உத்தரவு போட்டிருக்கிறேன். பிறந்தநாளுக்குப் பிரியாணிப் பொட்டலத்தோடு எங்கள் பள்ளிக்கு வந்து, பார்வையில்லாத பிள்ளைகளுக்கு ஊட்டிவிடுகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு போகிற ஆட்களைப் பார்த்துப் பார்த்து, அந்த இரக்கமே எனக்குக் குமட்டுகிறது. எங்கள் பிள்ளைகளுக்குச் சாப்பிடத் தெரியும். வயலின் வாசிக்கவும் தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்தவர் சாலோமி டீச்சர்.

பள்ளி பாளையங்கோட்டையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், நடத்துகிற விடுதிப் பள்ளி. அதில் நான் தமிழ் வாத்தியார், பெயர் கார்த்திகேசன், நெற்றி நிறைய விபூதியோடு வேலைக்குப் போகிற சைவப் பிள்ளை. டீச்சர் என்னைக் காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். வராந்தாவில் நான் நாலு எட்டு வைப்பதற்குள், "என்ன சார், செருப்பு மாத்திட்டியளா? அந்தப் பழைய செருப்பு இன்னும் ஒரு வருசம் உழைச்சிருக்குமே, பிள்ளைமாருக்கு என்ன இவ்வளவு செலவு" என்பார். நானும் விடமாட்டேன். சண்டையும் சிரிப்புமாகத்தான் எங்களுக்குப் பொழுது போயிற்று.

டீச்சருக்கும் பார்வை கிடையாது. நாசரேத் பக்கம் ஒரு கிராமம். மூன்று வயதில் அம்மை போட்டுக் கண் போனது. இதே பள்ளியில் படித்து, இதே பள்ளியில் வயலின் கற்று, இதே பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடுதியின் பின்பக்கம் ஒரு அறை. அதுதான் வீடு.

பார்வையில்லாத பிள்ளைக்கு வயலின் சொல்லிக்கொடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வில்லை இப்படி இழு என்று இழுத்துக் காட்ட முடியாது. டீச்சர் புதுப்பிள்ளையைச் சுவரோரம் நிறுத்துவார். வலது முழங்கை சுவரில் உரச வேண்டும். கை பின்னால் போனால் சுவர் தடுத்துவிடும், வில் தானாக நேரே வரும். இசை வகுப்பில் அந்தச் சுவர் மட்டும் முழங்கை உயரத்துக்குச் சுண்ணாம்பு போய்ப் பளபளவென்று இருக்கும். இடது விரல் எங்கே விழ வேண்டும் என்பதற்கு, தந்திக்கு அடியில் பலகையைச் சுற்றித் தையல்நூல் கட்டிவிடுவார். விரல் இடம் பழகியதும் நூலை அறுத்துவிடுவார். நூல் அறுத்த அன்றைக்கு அந்தப் பிள்ளை விடுதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியும்.

ஒரே ஒரு சட்டம். பிருடையில், அதாவது தந்தியை முறுக்குகிற அந்தக் கட்டையில், பிள்ளைகள் கை வைக்கக் கூடாது. காலையில் எல்லா வயலினும் டீச்சர் மடிக்கு வரும். ஒவ்வொன்றாகச் சுருதி சேர்த்துக் கொடுப்பார். சுருதிப் பெட்டி வைத்துக்கொள்ளமாட்டார். "எஞ் சுருதி எந் தலைக்குள்ள இருக்கு" என்பார். அது வீண் ஜம்பம் இல்லை, மெய்தான். பிருடையைத் தொட்ட பிள்ளையின் விரல் முட்டியில் வில்லுக் கம்பால் ஒரு தட்டு விழும். வலிக்கத்தான் செய்யும்.

அப்படிப்பட்டவர், ஒருநாள் நான் பக்கத்தில் போய் நின்றும் திரும்பவில்லை. செருப்பைத் தேய்த்தேன். தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு, "யாரு?" என்றார். அதற்கு முன் அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை.

வண்ணார்பேட்டையில் ஒரு காது டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, நிறுத்த முடியாது என்றார். ஒரு மெஷின் கொடுத்தார். அதை மாட்டினால் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கிறது என்று டீச்சர் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டார். ஆட்டோவில் திரும்பி வருகையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் குரல் எவ்வளவு உயருகிறது என்று தெரியாமல் கத்திப் பேசினார்.

"கண்ணு போனது எனக்குத் தெரியாது சார், சின்னப் பிள்ளை. காது போறது தெரிஞ்சே போகுது. இதுவும் போயிட்டா நான் எங்கன இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளையள விட்டுட்டு எங்க போவேன்? யாருகிட்டயும் சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் வருத்தப்படவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

வகுப்பு நடந்தது. பிள்ளையின் வயலின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "வில்லு நடுங்குது, பைய இழு" என்று சொல்லிக்கொடுத்தார். காலையில் ஒவ்வொரு வயலினையும் தாடையில் அழுத்தி, எலும்பில் ஏறுகிற அதிர்வை வைத்து நாலு தந்தியையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துவிடுவார். ஆனால் அந்த நாலும் சேர்ந்து எங்கே நிற்கிறது, ஏறி நிற்கிறதா இறங்கி நிற்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. இது எனக்குப் பிற்பாடு விளங்கியது. அப்போது ஒரு மண்ணும் தெரியாது. எனக்குச் சங்கீதம் சுட்டுப் போட்டாலும் வராது. பள்ளியில் காது உள்ளவர்கள் பிள்ளைகள்தான், அவர்களோ வாயைத் திறக்கவில்லை.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஊர்க்கோவிலில், வேதக்காரர்கள் கோவில்தான், வருஷாவருஷம் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு, அதாவது கோவில் திறந்த நாளுக்கு, எங்கள் பிள்ளைகள் வாசிப்பது வழக்கம். ஆராதனை முடிந்ததும் ஊருக்கே அசனம், சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். முந்தி அங்கே பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்க எதுவும் கிடையாது, வயலின் மட்டும்தான். பெருவெள்ளத்தில் கோவிலுக்குள் ஆள் உயரம் தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் புதுசாகச் செய்தார்கள். புது பெஞ்சு, புது மைக், புதுசாக ஒரு கீபோர்டு. அதை வாசிக்க இஸ்ரவேல் என்று ஒருவர். நல்ல மனுஷர், நல்ல ஞானம்.

ஆராதனை தொடங்கும் முன் இஸ்ரவேல் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தி, "பிள்ளையளா, சுருதி சேத்துக்கிடுங்க" என்றார். பிள்ளைகள் அசையவில்லை. டீச்சர் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். இஸ்ரவேல் மறுபடி அழுத்தினார். வயலின் கூட்டத்தில் மூத்தவள் மதுமதி. அவள் முகம் மட்டும் கீபோர்டு பக்கம் திரும்பி, பிறகு டீச்சர் பக்கம் திரும்பியது. கை மடியிலேயே இருந்தது.

பாட்டு ஆரம்பித்தது. ஐயோ, எனக்கே காது கூசியது. கீபோர்டு ஒரு இடத்தில், வயலின்கள் எல்லாம் கூண்டோடு அதற்குக் கீழே வேறொரு இடத்தில். முன்வரிசையில் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இஸ்ரவேல் ரெண்டு அடி தாங்கினார். முடியவில்லை, கையை எடுத்துவிட்டார். வயலின்கள் நிற்கவில்லை. டீச்சர் வாசித்துக்கொண்டிருந்தார், அதனால் அவர்களும் வாசித்தார்கள்.

கீபோர்டு தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்தது. கீபோர்டு இல்லாமல் பள்ளியில் பார்த்த ஒத்திகையில் சொல்லிவைத்தபடி டீச்சர் வில்லை இறக்கினார். பிள்ளைகளும் இறக்கினார்கள். கோவிலில் மின்விசிறிச் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை. அந்தச் சத்தமில்லாத இடத்தில் டீச்சர் தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டு, நல்லா வாசிக்கிறார் என்கிற மாதிரி புன்னகையோடு இஸ்ரவேலுக்காகக் காத்திருந்தார். சரியான கணக்கில் மறுபடி வில்லை எடுத்தார். இஸ்ரவேல் தலையைக் குனிந்துகொண்டார். ஊருக்கே தெரிந்துபோயிற்று.

அசனத்தில் டீச்சரின் இலைக்கு எதிரே நின்று அவரைப் பற்றிப் பேசினார்கள். கேட்காது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். டீச்சர் கறிக்குழம்பு நன்றாக இருக்கிறது என்று என்னிடம் உரக்கச் சொன்னார்.

திரும்பும்போது வேனில் மதுமதி பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏட்டி, அவர் சுருதி குடுத்தாருல்லா, ஏன் சேக்கல? பிருடையத் தொடக் கூடாதுன்னா?"

"அது எப்பவோ தொட்டாச்சு சார்" என்றாள். "டீச்சர் சேத்துக் குடுக்கிற வயலின் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு இடத்துல நிக்கும். அதனால டீச்சர் வயலினை முதல்ல கேப்பேன். அது இன்னைக்கு எங்க நிக்கோ அங்க எல்லாத்தையும் இறக்கி வைப்போம், டீச்சருக்குத் தெரியாம. தினமும் இப்படித்தான்."

"இன்னைக்குக் கீபோர்டோட சேத்திருக்கலாமே."

"சேத்தா டீச்சர் மட்டும் தனியா தப்பா வாசிப்பாங்க சார்."

வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். டீச்சர் ஓய்வெடுக்கட்டும், தங்கச்சி வீட்டுக்குப் போகட்டும் என்றார். "நீங்களே பைய சொல்லிருங்க சார், எனக்கு அந்தப் பாஷை தெரியாது." பார்வையில்லாதவர்கள் பள்ளிக்குத் தாளாளர், பிரெயில் தெரியாது. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பாஷை, காது மங்கியதிலிருந்து டீச்சரோடு நான் விரலால் பேசுவது. பிரெயில் தட்டச்சுப் பொறிக்கு ஆறு கட்டை, ஆறு புள்ளி. டீச்சரின் இரண்டு கையிலும் மும்மூன்று விரல்களை அந்தக் கட்டைகளாக நினைத்து மேலே அழுத்தினால், எழுத்து எழுத்தாகப் புரிந்துகொள்வார். நான் அழுத்தினேன். வேலை இல்லை. அறையைக் காலி செய்ய வேண்டும். கோவிலில் நடந்தது இது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அழவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"அப்போ பிள்ளையளும் தப்பாத்தான் வாசிச்சாங்களா? எங் கோணச் சுருதியைப் பழகிப் பிள்ளையளோட காது கெட்டுப்போச்சா சார்?"

மூன்று நாள் டீச்சர் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை போனதற்கு இல்லை, அறை போனதற்கு இல்லை. அந்தக் கேள்விக்கு. நான் விரலில் இல்லை இல்லை என்று அழுத்தினால், "உங்களுக்கு என்ன தெரியும் சங்கீதம்?" என்று கையை உதறினார். மதுமதியிடம் போய், நீதான் சொல்ல வேண்டும் என்றேன். பயந்தாள். சொன்னால் பிருடையைத் தொட்டதும் வெளியே வரும், காது கேட்கவில்லை என்பது தெரிந்தும் இத்தனை காலம் ஏமாற்றியதும் வெளியே வரும்.

தங்கச்சி வீட்டிலிருந்து கார் வந்து நின்ற அன்றைக்கு, பிள்ளைகள் வயலினோடு டீச்சர் அறைக்கு வந்தார்கள். மதுமதி கட்டிலில் எதிரே உட்கார்ந்து, டீச்சர் விரல்மேல் தன் விரலை வைத்தாள். பிருடையைத் தொட்டது, சுருதியை இறக்கி வைத்தது, எல்லாவற்றையும் அழுத்தினாள்.

"எப்போலேர்ந்து?"

மதுமதி அழுத்தினாள். டீச்சர் அதை உரக்கத் திருப்பிச் சொன்னார். "டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாலேர்ந்தா? எனக்கே தெரியாதே அப்போ." முகம் சிவந்துவிட்டது. "நல்ல காதை வச்சுக்கிட்டு எனக்காகத் தப்பா வாசிச்சீங்களா? உங்களை யாரு கேட்டா?"

வில்லை எடுத்தார். அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து டீச்சர் முழங்காலில் கையைக் கவிழ்த்து வைத்தார்கள். தடவிப் பார்த்து, ஒவ்வொரு முட்டியிலும் ஒரு தட்டு. சும்மா ஒப்புக்கு இல்லை, உறைக்கத்தான் தட்டினார். கடைசியில் மதுமதி.

"இனிமே எனக்குப் பொய் சொல்லாதீங்க" என்றார். பிறகு தன் வயலினை அவள் மடியில் வைத்தார். "இந்தா. சரியான சுருதிக்கு ஏத்திக் குடு."

மதுமதி ஏற்றிக் கொடுத்தாள். டீச்சர் தாடையில் வைத்து அழுத்தி ஒரே ஒரு இழுப்பு, நீளமாக. மறுபடி ஒன்று. வில்லை இறக்கினார்.

"இதானா சரி?"

ஆமா என்று விரலில் வந்தது.

"ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான்ட்டி இருக்கு" என்றார். அதைச் சொன்ன குரலை நான் வர்ணிக்கப் போவதில்லை. வயலினைப் பெட்டியில் வைத்து மூடி, பெட்டியை மதுமதியின் பக்கம் தள்ளினார்.

வெளியே கார்க்காரன் ஹாரன் அடித்தான். அவருக்குத்தான் அது கேட்காதே. "பண்டிகைப் பாட்டை ஒருக்கா சரியா வாசிங்க, நான் போறேன்" என்றார்.

மதுமதியின் இரண்டு கையும் டீச்சர் கையில் இருந்தன. மற்றவர்களைப் பார்த்தேன். ஒரு பிள்ளையாலும் வில்லைத் தூக்க முடியவில்லை, தேம்பிக்கொண்டு நின்றார்கள். "வாசிங்களே" என்று நான் சொன்னேன்.

"வாசிக்காங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

மதுமதி தேம்பல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு அவள் விரல்கள் அழுத்தின. பிரெயில் எனக்கும் தெரியுமே, மேலிருந்து பார்த்தே படித்துவிட்டேன். வாசிக்காங்க டீச்சர்.

டீச்சர் தாளத்துக்குத் தலையை ஆட்ட ஆரம்பித்தார். அறையில் தேம்பல் சத்தம் மட்டும் இருந்தது. கீபோர்டு வருகிற இடத்தில் நிறுத்திக் காத்திருந்தார்.