வாய் பிளந்த படம்

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் காலை ரயில் அது. பங்காருபேட்டை வருவதற்குள் பாதிப் பெட்டி தூங்கிவிடும். வழியில் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறும் ஓவியர் ஒருவருக்கு அதுதான் ஸ்டூடியோ. ஒல்லியான மனிதர், காதில் பென்சில், சட்டையெல்லாம் பெயின்ட். தூங்குகிறவருக்கு எதிரே பூனை மாதிரி வந்து உட்கார்ந்து வரைவார்.

ஒருநாள் கண் விழித்தால், அவர் மடியிலிருந்த தாளில் நான். வாய் பிளந்து, பக்கத்து ஆள் தோளில் சரிந்து கிடந்தேன். ஆபீசில் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள்!

"இன்னா சார் இது? முழிச்சினு இருக்கும்போது போடக்கூடாதா?"

"முழிச்ச மூஞ்சி எனக்கு வராதுங்க" என்றார். "எங்கப்பாவுக்கு கோல்டு மைன்ல நைட் ஷிப்ட். நான் ஸ்கூல் உட்டு வந்தா தூங்கினு இருப்பாரு. அவர வரைஞ்சுதான் கத்துக்கினேன். அவர் கண்ணு எப்படி இருக்கும்னு இன்னும் சரியா தெரியாது."

அதற்குமேல் எப்படிக் கோபப்படுவது? இந்தப் பெட்டியையே பெரிய படமாகத் தீட்டுகிறாராம், அதில் ஜன்னலோர இடம் எனக்காம்.

மறுநாள் தலைசீவி, பவுடர் பூசி, வாயை இறுக்கி மூடித் தூங்கினேன். பென்சில் சத்தமே இல்லை.

"சார், நடிக்காதீங்க."

"எப்படித் தெரிஞ்சுது?" கண்ணைத் திறக்காமலே கேட்டேன்.

"தூங்கறவங்க யாரும் வயித்த எக்கிப் புடிக்க மாட்டாங்க."

வயிற்றை விட்டேன். பென்சில் ஓட ஆரம்பித்தது.