தண்டவாளம் தட்டும் மசுயே

மசுயேவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. தொமாரித் துறைமுகத்தில் அவளுக்கு வேலை கிடைத்ததே அந்தத் தொண்டைக்காகத்தான். மாசிக் கருவாடு போடும் கொட்டகையின் கூரைமேல் ஒரு பலகைத் தட்டு உண்டு. அதில் ஒரு முக்காலி, ஒரு பழைய தொலைநோக்கி, கயிற்றில் தொங்கும் தண்டவாளத் துண்டு, ஒரு சுத்தியல். சூரை மீன் பருவம் முழுக்க அவள் குடித்தனமே அங்கேதான். முனையைச் சுற்றிக்கொண்டு படகு வந்தால், அதில் எத்தனை கொடி பறக்கிறதோ அத்தனை முறை தண்டவாளத்தைத் தட்டுவாள். ஒரு கொடி என்றால் படகின் வயிற்றில் பாதிக்கு மீன். இரண்டு என்றால் வயிறு முட்ட. மூன்று கொடி என்றால் உள்ளே இடமில்லாமல் மேல்தட்டிலும் கொட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று அர்த்தம். தட்டி முடித்ததும் ஏணியில் இறங்கித் தெருத்தெருவாக ஓடிக் கூவுவாள்.

மூன்று தட்டு விழுந்துவிட்டால் எங்கள் ஊரில் ஒருவர் கையிலும் பழைய வேலை நிற்காது. பெண்கள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடுவார்கள். ஐஸ் ஆலை கோன்டா பாளம் பாளமாக ஐஸை இழுத்து அரைவையில் தள்ளுவார். குளியல்கூடம் நடத்தும் ஒத்சுனே கொதிகலனில் விறகைத் திணிப்பாள், மீன் நாற்றத்தோடு ஊரே வந்து நிற்குமே. நூடுல்ஸ் கடையில் மாவு பிசைவார்கள். பெட்டி அடிக்கிறவர் வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொள்வார். புத்தர் கோயில் குருக்கள் திதியைக்கூட மறுநாளைக்குத் தள்ளிவிடுவார், வந்து உட்கார ஆள் இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

சூரை மீன் டின்னில் அடைபட்டு அமெரிக்கா போகிறது, போரில் நொடித்துப்போன நாடு மீனால் நிமிர்ந்துகொண்டிருக்கிறது என்று அப்போதெல்லாம் வானொலியில் அடிக்கடி சொல்வார்கள். இருக்கும். எங்கள் ஊரில் டாலரைக் கண்ணால் கண்டவர் கிடையாது. மூன்று தட்டு கேட்ட மறுவாரம் பிள்ளைகள் காலில் புதுச் செருப்பைக் கண்டிருக்கிறோம். எங்களுக்கு அந்தப் பொருளாதாரம் போதும்.

மசுயேவின் புருஷனைப் போர்க்காலத்தில் படகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். படகும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. அவள் அழுது தீர்த்துவிட்டுக் கூரை ஏறினாள். ஏறிய நாளிலிருந்து ஒரு தட்டுக்கூடத் தப்பாகத் தட்டியதில்லை. காரணம், அவள் கொடியை மட்டும் நம்புகிறவள் இல்லை. மீன் பிடிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஜம்பம் உண்டு. ஒரு கொடிக்கு மீன் இருந்தால் இரண்டு கட்டிப் பார்ப்பார்கள். மசுயே முதலில் நீர்மட்டத்தைத்தான் பார்ப்பாள். பாரம் ஏறிய படகு தண்ணீரில் அமுங்கி வரும், வெறும் படகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரும். எந்தப் படகின் வண்டவாளமும் அவளிடம் தண்டவாளம் ஏறிவிடும். அதனால்தான் அவள் குரல் கேட்டால் பெண்கள் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள்.

'எபிசு மாரு' என்று ஒரு சின்னப் படகு. அதன் தலைவன் தோராகிச்சி. 'தோரா' என்றால் புலி; பெயரில்தான் புலி, ஆள் பூனை. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை, வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்று மழை வரும். மீன் ராசியும் இல்லை. இரண்டு பருவமாக அவன் படகில் ஒற்றைக் கொடிக்கு மேல் பறந்து யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் ஒருநாள் கொட்டகைக்குள் நுழைந்து, அத்தனை பெண்களும் மீன் அறுத்துக்கொண்டிருக்கும்போது, மசுயே முன்னால் போய் நின்றான்.

"மசுயே, நாம ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தா என்ன?"

கத்திகள் எல்லாம் நின்றுவிட்டன. மசுயேவுக்கு முகம் சிவந்தது. அவளுக்கு அவனைப் பிடிக்கும். அது அவளுக்கே கொஞ்ச நாளாகத்தான் தெரியும், ஊருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்திருந்தாள்.

"மொதல்ல மூணு கொடி கட்டிக்கிட்டு வாங்க தலைவரே, அப்புறம் பேசிக்கலாம்!" என்றாள். கொட்டகை குலுங்கச் சிரித்தது. தோராகிச்சி மட்டும் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

சித்திரை வெயில் மாதிரி கொளுத்திய ஒரு காலையில் முனையைச் சுற்றிக்கொண்டு எபிசு மாரு வந்தது. மூன்று கொடிகள். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக, படகைவிடப் பெரிதாகப் படபடத்தன. மசுயே தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தாள், கொடியைப் பார்த்தாள், படகின் பெயரைப் பார்த்தாள். பிறகு என்ன பார்த்தாள் என்று கேட்டால் அவளுக்கே நினைவில்லை. சுத்தியல் கைக்கு எப்படி வந்தது என்றும் தெரியாது. மூன்று தட்டு. ஏணியில் இறங்கினாளா குதித்தாளா என்பதற்குச் சாட்சி இல்லை.

"மூணு! மூணு கொடி! எல்லாரும் வாங்கடீ!"

ஊர் கிளம்பியது. சாத்தா என்கிற பெண் சிகைக்கடையில் முடியைச் சுருட்டிக்கொண்டிருந்தவள், பாதித் தலை சுருளும் பாதித் தலை நேருமாக எழுந்து ஓடிவந்தாள். பக்கத்து ஊருக்கு ஆள் போய் இரண்டு லாரி வந்தது. கோன்டா மலை மாதிரி ஐஸ் அரைத்துக் குவித்துவிட்டார். கரையில் கால் வைக்க இடமில்லை. படகு ஒட்டி நின்றது. ஆட்கள் மேல்தட்டுக்குத் தாவினார்கள், மூடியைத் திறந்தார்கள், உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நாலு கூடைக்குக்கூடத் தேறாத சூரை. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

தோராகிச்சி சலவை செய்த சட்டை போட்டிருந்தான். அதைப் பார்த்ததும் கொட்டகையில் தான் சொன்னது மசுயேவுக்கு நினைவுக்கு வந்தது.

"மூணு கொடி கட்டிக்கிட்டு வான்னு சொன்னியே," என்றான். "மீனப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

அப்புறம் பிடித்துக்கொண்டார்கள் பாருங்கள்!

"யோவ், அரைச்ச ஐஸ மறுபடி பாளமாக்க உங்கப்பன் வருவானா?" என்றார் கோன்டா.

"என் தலையப் பாருங்க! ஒரு பக்கம் சினிமாக்காரி, ஒரு பக்கம் சூனியக்காரி!" என்று சாத்தா கத்தினாள்.

"புது வருஷத்துக்கும் புதுப் படகு எறக்கறப்பவும் சும்மாதானே கொடி கட்டறோம்?" தோராகிச்சி திகைத்துப்போய்ச் சொன்னான். "நல்ல காரியம்னுதான் கட்டினேன். படகு தூக்கிக்கிட்டு வந்துச்சே, காலிப் படகுன்னு மசுயேவுக்குத் தெரியாதா? அவ நீர்மட்டம் பாக்காம தட்டவே மாட்டாளே."

எல்லாத் தலையும் மசுயே பக்கம் திரும்பியது. அவள் வாயைத் திறந்தாள். வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சத்தம் வரவில்லை.

ஒத்சுனே கரி படிந்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அக்கா, நீயா நீர்மட்டம் பாக்கல? நீயா? சரிதான். அப்ப விஷயம் முடிஞ்சுபோச்சு."

கோபத்தில் நின்ற கூட்டம் பாதி சிரித்துவிட்டது. மசுயேவுக்குக் கடலில் குதித்துவிடலாம் போல இருந்தது.

மீனவர் சங்கம் அன்று மாலையே தீர்ப்புச் சொன்னது. தோராகிச்சியின் கொடிகளைப் பருவம் முடியும்வரை சங்கம் வைத்துக்கொள்ளும். ஏமாந்த வீடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரும் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கொரு கைத்துண்டு கொடுத்துவிட்டு வர வேண்டும். கட்டியவன் ஒருவன், தட்டியவள் ஒருத்தி, இரண்டு பேரும்தான்.

இதில் இருந்த வில்லங்கம் சங்கத்துக்கு உறைக்கவில்லை, அல்லது நன்றாகவே உறைத்தது. எங்கள் பக்கத்தில் புதுப்பெண்ணை வீடு வீடாக அழைத்துப்போய், குனியவைத்து, கைத்துண்டு கொடுக்கவைப்பதுதான் வழக்கம். மறுநாள் இருவரும் துண்டுக் கட்டுகளோடு தெருவில் இறங்கியபோது ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன.

"மன்னிச்சுக்கணும், வீண் அலைச்சல் குடுத்துட்டோம்," என்று மசுயே நூடுல்ஸ் கடை வாசலில் குனிந்தாள்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? ஜோடிப் பொருத்தம் நல்லாத்தான் இருக்கு," என்றார் கடைக்காரர். பிசைந்து வீணான மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இது அந்தக் குனியறது இல்லீங்க! இது மன்னிப்புக்குக் குனியறது!"

"ஆமாமா, எல்லாப் பொண்ணும் மொதல்ல அப்படித்தான் சொல்லும்."

பெட்டி அடிக்கிறவர், சிகைக்கடை, மிதிவண்டிக் கடை, துணிக்கடை, பல் வைத்தியர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. பல் வைத்தியருக்கு ஏன் என்று தோராகிச்சி கேட்டான். மூன்று தட்டு கேட்டதும் பல்வலிக்காரர்கள் துணிந்து நாள் குறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், மீன் இல்லை என்றானதும் ஒருவரும் வரவில்லை. தோராகிச்சி நடுத்தெருவில் நின்றுவிட்டான். வாழ்நாளெல்லாம் மீனைக் கரையில் இறக்கிவிட்டுத் தூங்கப் போனவன் அவன். அந்த மீன் கரையேறிய பிறகு இத்தனை வாசல்படி ஏறுகிறது என்று அவனுக்குத் தெரியாது.

"இவ்வளவு பேரா மசுயே?" என்றான்.

"இவ்வளவு பேருந்தான். வெளயாட்டா போச்சா உங்களுக்கு?" என்று அவள் சீறினாள். ஆனால் சீறிய கையோடு, அவன் கையிலிருந்து நழுவிய துண்டுக்கட்டையும் வாங்கிக்கொண்டாள். அவன் கொட்டகையில் கேட்ட கேள்விக்கு மட்டும் கடைசி வீடு வரை பதில் சொல்லவில்லை.

ஊர் சிரித்தது உண்மை. ஊருக்கு நம்பிக்கை போனதும் உண்மை. அடுத்த சில நாட்களில் வேறொரு படகு ஒற்றைக் கொடியோடு வந்தது. மசுயே நீர்மட்டத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுத் தட்டினாள். பெண்கள் உடனே வரவில்லை. "யாராவது போய்ப் பாத்துட்டு வரட்டும்டி," என்று வாசலிலேயே நின்றார்கள். பார்த்துவிட்டு வருவதற்குள் வெயிலில் மீன் நிறம் மாறிவிட்டது. கொட்டகை முதலாளி கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

"மசுயே, நீ தட்டி ஆளு வரலேன்னா தண்டவாளம் எதுக்கு, நீ எதுக்கு? இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா கீழ எறங்கிடு."

அன்று கூரைமேல் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல், முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதாள். ஊரே தன் குரலுக்கு ஓடிவருவதுதான் அவளுக்கு இருந்த ஒரே சொத்து. அதைத் தானே தொலைத்துவிட்டதாக அவளுக்குப் பட்டது.

எபிசு மாரு அதற்குள் கடலுக்குப் போயிருந்தது. வழக்கமாகத் திரும்பும் நாள் கடந்தும் வரவில்லை. ஒத்சுனே ஒருத்திதான் கூரையைப் பார்த்து, "வந்துருவான் அக்கா," என்று தினமும் கத்திவிட்டுப் போவாள்.

ஒரு நண்பகலில் முனையில் படகு தெரிந்தது. கொடி இல்லை. ஒன்றுகூட இல்லை. மசுயே தொலைநோக்கியைத் திருப்பினாள். இந்த முறை பெயரைப் பார்க்கவில்லை, ஆளைத் தேடவில்லை, கீழே, தண்ணீர் தொடும் இடத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். படகின் பக்கப்பலகை காணவே காணோம். ஒவ்வொரு அலையும் மேல்தட்டைக் கழுவிக்கொண்டு போனது. படகு, பிள்ளைத்தாச்சி படியேறுவது போல ஒவ்வொரு அடியாக வந்துகொண்டிருந்தது.

கொடியில்லாத படகுக்கு யாரும் தட்டியதில்லை. தட்டி, ஆள் வராவிட்டால் இன்றோடு கூரை போச்சு. தட்டாவிட்டால் அத்தனை மீனும் வெயிலில் போச்சு.

ஓங்கித் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

தெருவில் இறங்கி ஓடினாள். "மூணு! வாங்கடீ, மூணு!"

பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். கடலைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை.

"கொடியே இல்லியே அக்கா?" என்றாள் சாத்தா. அவள் தலையில் இன்னும் அந்தப் பாதிச் சுருள் தொங்கிக்கொண்டிருந்தது.

"கொடியப் பாக்காத, என்னப் பாரு! நீர்மட்டம் பாத்துட்டேன். மூணுன்னா மூணுதான்!"

"அது எபிசு மாருதானே?"

"எபிசு மாருதான்!"

சாத்தா இடுப்பில் கை வைத்தாள். தெரு முழுக்கக் கேட்கும்படி, இழுத்து இழுத்துக் கேட்டாள்: "அப்ப வர்றது மீனா? இல்ல மறுபடியும் மாப்பிள்ளையா?"

மசுயே மூச்சிரைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றாள். அவள் குரல் ஐஸ் ஆலை வரைக்கும் கேட்டது.

"ரெண்டுந்தான்டீ! ஓடிவாங்க!"

சாத்தாதான் முதலில் பூட்ஸுக்குக் காலை நீட்டினாள்.