வயிற்றுக்குக் காது உண்டு

கொழுந்தெடுக்கிற வேலைக்கு வேகமான இரண்டு கையும், வேலை வாங்குகிற கங்காணி சொன்ன நேரத்துக்கு மட்டும் அசைகிற ஒரு வயிறும் வேண்டும். எனக்குக் கை மட்டும்தான் வாய்த்தது. எங்கள் தோட்டம் இலங்கையில், பதுளைக்குக் கிட்ட ஹாலிஎலப் பக்கம். மலையில் கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலை உண்டு, கக்கூஸ் ஒன்றுகூட இல்லை. குடலைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களே, உங்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் சாப்பிட்ட கையோடு இதைப் படிக்காதீர்கள்.

எல்லாம் பூச்சி

எங்கள் தோட்டத்தில் வயிற்றுக்குள் எது நடந்தாலும் அது பூச்சிதான். எனக்கு முதலில் வயிற்றோட்டம், பிறகு சளியும் ரத்தமும். மாதக்கணக்கில் போனது. மாமியார் கொய்யாக் கொழுந்தை அவித்துக் கொடுத்தார். வீட்டுக்காரர் பால் விடாத சாயத்தண்ணியில் தேசிக்காய் பிழிந்து கொடுத்தார். டிஸ்பென்சரி ஐயா பூச்சி மாத்திரை கொடுத்தார். நிற்கவில்லை என்று திரும்பிப் போனால் மறுபடியும் அதே மாத்திரை.

உடம்பு பாதியாகிவிட்டது. ஒருநாள் வெட்கத்தை விட்டு, ரத்தம் போகிறது ஐயா என்று சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவேயில்லை. "ரத்தம் போகுதுன்னா பூச்சி பெருசா இருக்கும்மா. இன்னொரு தடவ முழுங்கு."

கங்காணியின் குரல்

மலையில் ஆளுக்கொரு நிரை, ஒரு தேயிலை வரிசை. அதை விட்டுப் போனால் கூடை நிறையாது. நிறுவையில் குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். வயிறு கடுத்தால் கூடையை இறக்கிவிட்டு ஓடைப்பக்கம் சரிந்து ஓடுவேன். அட்டைக்கடி தனி. பக்கத்து நிரைக்காரி செல்வராணி காவலுக்கு வருவாள். வந்தவள் தானும் ஒருதடவை ஒதுங்கிவிட்டுத்தான் மேலே ஏறுவாள்.

ஒன்றைக் கவனித்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் கங்காணி கத்த ஆரம்பித்தாலே எனக்குக் குடல் முறுக்கும். என்ன கத்துகிறார் என்று புரிவதற்குள் கூடை கீழே இறங்கியிருக்கும். தன் மகள் கல்யாணத்துக்கு அவர் லீவில் போயிருந்த வாரம் நான் பாதித் தடவைகூட ஓடவில்லை. இதைச் சொன்னதும் செல்வராணி சிரிப்பாய்ச் சிரித்தாள். "ஏக்கா, ஒனக்கு வகுத்துலயா காது இருக்கு?"

பதுளையில் கேட்டது

கடைசியில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பூச்சி இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய காவலே குடலைத் தாக்கிப் புண்ணாக்கி வைத்திருக்கிறதாம். டாக்டர் ஒரு சிங்களப் பெண், பொறுமையாகத் தமிழில் பேசினார். தயங்கித் தயங்கிக் கங்காணியின் குரலைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

குடலுக்கென்றே ஒரு நரம்புக் கூட்டம் இருக்கிறதாம். மூளையோடும் பேசுமாம், மூளையைக் கேட்காமலும் வேலை பார்க்குமாம். பயமும் பதற்றமும் நீடித்தால் அந்த நரம்புகள் காவலை இன்னும் உசுப்பிவிடலாமாம். புண் வீங்கினால் அது திரும்ப நரம்புகளைச் சீண்டுமாம். இங்கே தருகிற மாத்திரையை நிறுத்தாதீர்கள், கக்கூஸ் கிட்டத்தில் இருக்கிற வேலையாகக் கேட்டுப் பாருங்கள் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை நாளில் என் வயிற்றை நம்பிய முதல் ஆள் அவர்தான். "அம்மா, இது பொய் வருத்தம் இல்ல, உண்மையான நோய். பயத்தால வந்ததும் இல்ல. ஆனா பயம் இருந்தா புண் லேசுல ஆறாது."

சின்னத்துரையின் வைத்தியம்

அந்தச் சந்தோஷத்தில் நேரே தோட்டத்து உதவி மேனேஜர் சின்னத்துரையிடம் போய் நின்றேன். கக்கூஸ் இருக்கிற லயத்து வீடுகளுக்குக் கிட்ட உள்ள மலையில் நிரை தாருங்கள், இல்லாவிட்டால் பிள்ளைக் காம்பராவில் பிள்ளை பார்க்கிற வேலையாவது தாருங்கள் என்று கேட்டேன். டாக்டர் சொன்ன அத்தனையும் ஒப்பித்தேன். நம்பட்டும் என்று செல்வராணியின் கேலியைக்கூடச் சொன்னேன். பக்கத்தில் கங்காணி கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

துரை கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், முழுவதையும் கேட்டார். புண்ணை விட்டுவிட்டுப் பயத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். "அப்ப பயப்படாம வேல செய்யுங்க. நாங்க என்ன ஒங்களக் கடிச்சா திங்கிறோம்?"

பெரட்டு

மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுப்பதற்காக எல்லாரும் கூடி நிற்கையில், கங்காணி என் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார். லயத்துக்கு ஆகத் தூரமான உச்சி மலையில் எனக்கு நிரை. தைரியம் வரட்டுமாம். அதோடு விட்டிருக்கலாம். கூட்டத்தைப் பார்த்து ரகசியம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "இந்தா, இனிமே இவகிட்ட யாரும் சத்தமாப் பேசாதீங்க. வகுத்துக்குக் கேட்டுரும்."

ஓடைக்குள்

பெரட்டுக் களமே சிரித்தது. கூட நின்று கொழுந்தெடுக்கிறவர்கள் சிரித்தார்கள், என் பிள்ளைக்குப் பால் கொடுத்தவள்கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. செல்வராணி மட்டும் சிரிக்கவில்லை. அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

உச்சி மலையிலும் பக்கத்து நிரைக்கு வந்த அவள் என் பின்னாலேயே ஓடைக்கு இறங்கி வந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காது கீது என்று முதலில் கேலி பேசியவள் நீதானே, இப்போது எதற்கு என் பின்னால் வருகிறாய் என்று கத்தினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தேயிலைத் தூரில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. "ஏக்கா, எனக்கும் தீவாளியில இருந்து ரத்தம் போகுது. யாருகிட்டயும் சொல்லிறாத. பெரட்டுல சிரிப்பாங்க."

பதுளையில் அடுத்த கிளினிக்குக்கு இரண்டு பேருமாகத்தான் போனோம், பெரட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு. சாமிக்கு லீவு கேட்டால் எங்கள் தோட்டத்தில் யாரும் சிரிப்பதில்லை.